காலி மேடையில் அறுபது கிலோ

மாலை ஏழு பத்து. நிபோங் திபால் பட்டணத்தைத் தாண்டி, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் மரங்கள்... மேலே மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தையே மறைத்திருக்கும். விளக்கு கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

அந்தச் சாலையில் தனியாகக் காரோட்டிப் போனவர் யுகேந்திரன். நம் அலுவலகத்துப் பிரமிளாவின் சொந்த அண்ணன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்... அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள். கரண்டு இப்போதைக்கு வராது. கப்பித்தான் கெலிங் சாலை முழுக்கவே இருட்டுதான்.

யுகேந்திரனுக்குக் கணினி வேலை. ஆலைகளில் லோரியை அப்படியே ஏற்றி எடை போடுகிற இரும்பு மேடை இருக்கிறதல்லவா... லோரி ஏறி நின்றால், பக்கத்து அறையில் திரையில் எடை தெரியும். அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அன்று மத்தியானம் இடி விழுந்து ஓர் ஆலையின் எடைமேடை படுத்துவிட்டது. செம்பனைப் பழம் ஏற்றிய லோரிகள் பதினொன்று காத்துக் கிடந்தன. எடை போடாமல் ஆலை பழத்தை எடுக்காது. வைத்திருந்தால் பழம் கெட்டுப்போகும்.

"காலைல போனா ஆவாதா?" என்று கேட்டிருக்கிறார் அவர் மனைவி லோகேஸ்வரி. வயிற்றில் ஏழு மாதம்.

"ஒரு மணி நேர வேலலா. கார்ட மாத்துனா முடிஞ்சிச்சு. ஒம்பதுக்குள்ள வந்துருவேன்."

போகும் வழியில் ஒன்றைக் கவனித்தார். லோரிகள் எல்லாம் பெரிய சாலை ஓரத்திலேயே நின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. டிரைவர்கள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எடைமேடையில் காவலாளி அப்துல் ரஹீம் மட்டும்தான். அறுபது வயதிருக்கும். அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"லோரிங்க ஏன் பாய் உள்ள வரல?"

"வெளக்கு வச்சதுக்கு அப்பறம் இங்க காத்துக்கிட்டு நிக்கமாட்டானுங்க தம்பி. நீங்க வேலய முடிங்க. போன் போட்டா ஒவ்வொருத்தனா வருவான்."

யுகேந்திரன் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மேடையையும் கணினியையும் இணைக்கும் கார்டு கருகியிருந்தது. கழற்றினார். புதியதைப் பொருத்தினார். அதோடு வேலை முடியாது. லினக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் அதை ஓட்டுகிற ஒரு சின்ன நிரல் உண்டு, மாட்யூல் என்பார்கள். அது ஏறினால்தான் மேடை இருப்பதே கணினிக்குத் தெரியும்.

கட்டளையைத் தட்டினார். மாட்யூல் ஏறவில்லை.

'கருவி பயன்பாட்டில் இருக்கிறது' என்றது திரை.

அப்படியென்றால் வேறு ஏதோ ஒரு நிரல் மேடையைப் பிடித்து வைத்திருக்கிறது. எது என்று தேடினார். எதுவும் இல்லை. கணினியை அணைத்துப் போட்டார். பயன்பாட்டில் இருக்கிறது. மேடையிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தட்டினார். பயன்பாட்டில் இருக்கிறது. கடைசியில் கார்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தட்டினார். கருவியே இல்லாதபோது 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பதிலுக்கு வழியே கிடையாது.

பயன்பாட்டில் இருக்கிறது.

கார்டைத் திரும்பப் பொருத்தி, கம்பியைச் செருகினார்.

"என்னா சொல்லுது தம்பி?" ரஹீம் வாசலில் நின்று கேட்டார்.

"யாரோ புடிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுது பாய்."

ரஹீம் சன்னல் பக்கம் போனார். வெளியே இருட்டில் மேடை மழைத் தண்ணீரோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, மெல்ல... பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல...

"வேல பாக்க வந்திருக்காருமா. கொஞ்சம் விடுங்க."

யுகேந்திரன் கட்டளையைத் தட்டினார். மாட்யூல் ஏறிவிட்டது.

"யார்ட்ட பேசுனீங்க?"

"மேடய கூட்டிக் கழுவ ஒரு அம்மா வருவாங்க."

"இந்த நேரத்துலயா?"

"இல்ல தம்பி. இப்ப வர்றதில்ல."

யுகேந்திரன் திரைக்குத் திரும்பினார். திரையில் எடை வந்திருந்தது. காலி மேடை... பூஜ்யம் காட்ட வேண்டும். அறுபது காட்டியது. அறுபது கிலோ.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறிப் பார்த்தார். சேறு இல்லை, கல் இல்லை. நடுவில் போய் நின்றார். அவர் எண்பது கிலோ. "நூத்தி நாப்பது!" என்று ரஹீம் உள்ளேயிருந்து கத்தினார். நின்ற இடத்தில் ஒரு வாடை. நனைந்த துணியும் புளித்த பழமும் கலந்த வாடை. கீழே இறங்கினார். மறுபடி அறுபது.

மழைத் தண்ணீர் எங்காவது தேங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குத்தான் திரையில் 'ஸீரோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மேடையில் என்ன கிடந்தாலும் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள், அதற்குமேல் வருவதை மட்டும் எடை போடு என்று அர்த்தம்.

"அத அமுக்காதீங்க தம்பி," என்றார் ரஹீம்.

"மழத்தண்ணிலா பாய்."

அமுக்கினார். பூஜ்யம் வந்தது.

சோதித்துப் பார்க்கத் தன் காரையே மேடையில் ஏற்றினார். அவரோடு சேர்த்து ஆயிரத்து நூற்று இருபது இருக்க வேண்டும். சன்னல் வழியே ரஹீம் படித்துச் சொன்னார், ஆயிரத்து நூற்று இருபது. சரி. வேலை முடிந்தது. கையை ஆட்டிவிட்டு அப்படியே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செம்மண் சாலையில் நூறு அடி போயிருப்பார்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. இருக்கையில் அவருடைய மடிக்கணினிப் பை இருந்தது. அதன் கனமாக இருக்கும் என்று பையை எடுத்துப் பின்னால் போட்டார். மணி நிற்கவில்லை. சென்சார் கெட்டுவிட்டது போல... காரை நிறுத்தி, காலி இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

ஆனால் அந்தப் பெல்ட் இருக்கையில் ஒட்டிப் படியவில்லை. ஒரு சாண் முன்னாலேயே... இறுக்கமாக... நின்றது.

அதை அவர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் சுற்றிலும் செம்பனை இருட்டு. ஓட்டினார். பத்து காவாங் என்ற ஊர், தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம், இரண்டு பக்கமும் கறுப்பாகக் கடல்... கழுத்தைத் திருப்பவே இல்லை. சன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கியும் அந்த வாடை காருக்குள்ளேயே இருந்தது.

பாயான் லெப்பாஸில் அவருடைய அடுக்குமாடி வீடு. ஐந்தாவது மாடி. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த நேரம் போன் அடித்தது. ரஹீம்.

"தம்பி, காலி மேட மைனஸ் அறுவது காட்டுதே... என்னா பண்ண?"

"எப்பலேருந்து?"

"நீங்க காடிய எடுத்துட்டுப் போனதுலேருந்து."

யுகேந்திரன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஸீரோ அமுக்கியபோது மேடையில் அறுபது கிலோ இருந்தது. இப்போது அது மேடையில் இல்லை.

"தம்பி... கேக்குதா? அந்த அம்மா கூட வந்துட்டாங்களா?"

பக்கத்தில், க்ளிக்.

பெல்ட் தானாகச் சுருண்டு, ஸ்ர்ர்ரென்று மேலே ஏறி, கதவோரக் கம்பத்தில் தட்டி நின்றது. கதவு திறக்கவில்லை. அந்த வாடை மட்டும் சட்டென்று இல்லாமல் போனது.

ஐந்து மாடியும் படியேறி ஓடினார் மனுஷன். லோகேஸ்வரி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க, என்னா ஆச்சு?" என்றதற்குப் பதில் சொல்லாமல் கையைப் பிடித்து, கைப்பையை மட்டும் எடுக்கவிட்டு, கதவைப் பூட்டி, படி வழியாகவே கீழே கூட்டி வந்தார். காரைத் தொடவில்லை. வாடகைக் காரில் ஆயர் ஈத்தாமில் பிரமிளா வீட்டுக்குப் போனார்கள். குழந்தை அங்கேதான் பிறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. காரை விற்றாகிவிட்டது. அந்த வீட்டுக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை.

நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. போன வாரம் தண்ணீர் பில் வந்திருக்கிறது. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். எங்கோ ஒழுகுகிறது என்று, பிளம்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் பிரமிளா போனாள். அவர் எல்லாக் குழாயையும் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தரையெல்லாம் காய்ந்து தூசி படிந்திருந்தது.

கிளம்பும்போதுதான் குளியலறைத் தட்டில் இருந்த சோப்பு அவள் கண்ணில் பட்டது. வீட்டைப் பூட்டிய அன்று சாயங்காலம்தான் லோகேஸ்வரி பிரித்து வைத்த புதுச் சோப்பு.

நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. மேலே நுரை... இன்னும் அடங்கவில்லை.