மிதப்பு பிறந்த இடம்

தலைமையேற்று, தண்ணீரோடு எங்களையும் தட்டிக்கொடுத்துப் பழக்கிய நீச்சல் ஆசிரியை அவர்களே! முன்வரிசையை முறுவலால் நிறைத்திருக்கும் முதியோர்களே! தாய்மார்களே! தலைமுடி இன்னும் உலராத என் வகுப்புத் தோழியரே! இந்தத் தையற்காரியின் வணக்கம்!

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தேன். மிதப்பு! தன்னைத்தானே மெச்சிக்கொண்டு திரிபவரை என்ன சொல்கிறோம்? மிதப்பில் இருக்கிறார் என்கிறோம். அந்தச் சொல்லால் இருபத்திரண்டு ஆண்டுகள் என்னை ஊசியாய்க் குத்தியவர் என் கணவரின் அக்காள், நான் அண்ணி என்று அழைப்பவர். தைத்த ரவிக்கை அளவு பிசகாமல் அமைந்ததென்று கண்ணாடி முன் நின்று சிரித்தால் போதும். "உனக்கு ரொம்பத்தான் மிதப்பு!" என்பார். என் சிரிப்பு சுருங்கும், கழுத்து குனியும்.

யாரம்மா அங்கே தலையாட்டுவது? உங்கள் வீட்டிலும் உண்டா? உண்டென்றால் கைதட்டுங்கள்! அடடா, போதும், போதும், கூரை தாங்காது!

ஐம்பத்தோரு வயதில், முழங்கால் வலிக்கு நீந்தச் சொன்னார் மருத்துவர். வந்தேன். பதினோரு நாள் குளத்துச் சுவரைப் பிடித்தேன், பிடித்தேன், விடாமல் பிடித்தேன்! பன்னிரண்டாம் நாள், ஆசிரியை என் பிடரிக்கடியில் கைகொடுத்து, "உடம்பைத் தளர விடுங்கம்மா. தண்ணி தாங்கும்" என்றார். விட்டேன். காது நீருக்குள் போனது, ஓசையெல்லாம் ஒடுங்கியது. கண்ணாடிக் கூரைமேல் ஒரு புறா நடந்துபோனது. அவர் கை எப்போது விலகியது? எனக்குத் தெரியவே தெரியாது!

"டீச்சர், மிதக்குறேன்! நான் மிதக்குறேன்!"

கத்திய நொடியில் மூளையில் மின்னியது. 'மித' என்ற வினையில் பிறந்ததல்லவா மிதப்பு? வசையாகவா பிறந்தது? இல்லை! தண்ணீரில் பிறந்தது, தங்கமான சொல்! உடனே என்ன செய்தேன்? யார் யார் பார்க்கிறார்கள் என்று தலையைத் தூக்கினேன். முழுகினேன்! முக்கால் குளம் மூக்கு வழியாக உள்ளே போனது! சிரியுங்கள், நானும் இருமிக்கொண்டே சிரித்தேன்.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். கேலிக்குக் காத்திருந்தேன். அவரோ மெல்லக் கேட்டார்.

"எனக்கும் வருமா?"

"ஏன் வராது அண்ணி?"

"இந்த வயசுல என்னை யாரு தாங்குவா?"

அறுபத்து நான்கு வயதுக்காரர் கேட்ட கேள்வி. மறுநாள் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். என் உள்ளங்கைமேல் மல்லாந்து கிடந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"விட்டுறாத! அடியே, விட்டுறாத!"

"விட்டு ரொம்ப நேரமாச்சு அண்ணி!"

அப்போது சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! குளமே குலுங்கியது, சுவரே சிலிர்த்தது!

தாய்மார்களே! யாரைவிட நாம் மேலே என்று தலைதூக்கிப் பார்த்தால் முழுகிப்போவோம். நமக்குக் கைவந்ததை நினைத்து நிம்மதியாகக் கிடந்தால், மிதப்போம்! ஆகவே அஞ்சாமல் மிதப்போடு இருங்கள்!

தாங்கிய தண்ணீருக்கு நன்றி. தாங்கிய கைக்கு நன்றி. தக்க நேரத்தில் விலகிய கைக்கோ, கோடி நன்றி! வணக்கம்!