ஒன்றரைச் சுற்று

என் தம்பியின் உயிருக்கு முதலில் சொல்லப்பட்ட விலை, ஒரு பழைய காருக்கு நான்கு டயர் வாங்கும் காசு. பேசிப் பேசி அதை ஆறு டயராக்கினேன். வியாபாரி வீட்டில் பிறந்தவன். முதல் விலைக்குத் தலையாட்டிப் பழக்கமில்லை.

விலை சொன்னவர் துணிக்கடைக்காரர். கார் அவருடையது, மெக்கானிக் என் தம்பி. அந்தக் காரில் கியர் தண்டு கிடையாது ஐயா. இடது மிதியை முழுக்க அழுத்தினால் மெல்லப் போகும், முழுக்க விட்டால் வேகமாகப் போகும், நடுவில் நின்றால் நியூட்ரல். கை பிரேக்கை இழுத்தால் ஒரு சிறு திருகு கிளட்சைத் தள்ளி அந்த நடுவிலேயே பிடித்து வைக்கும். திருகு தேய்ந்தாலோ தளர்ந்தாலோ, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்புகிறவன் மேலேயே வண்டி வந்துவிடும்.

திருகு தேய்ந்துவிட்டது, இரண்டு நாள் வேண்டும் என்று தம்பி சொன்னான். மறுநாள் கார்க் கண்காட்சி. "சும்மா சுத்துப்பா, அது என்ன புலியா, பாயறதுக்கு?" என்றார் அவர். ஷெட்டுச் சுவருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தம்பி நசுங்கினான். "பாவம், அவசரக்காரன்" என்று அவர் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டயர் காசைக்கூட மன்னித்திருப்பேன். அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது.

நான் பழைய கார்ச் சாமான்கள் விற்பவன். அவருக்கு அடக்க விலைக்கே கொடுத்தேன். புதுத் திருகை நானே போட்டேன். இரண்டு வருஷம் மாதாமாதம் போய் கிளட்சைச் சரிபார்த்தேன்; வண்டி பசு மாதிரி நின்றது. "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார். சொந்தக் கையால் கிளப்புகிறவர்தான் சொந்தக்காரர் என்று நானும் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். ஆசாமி பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சுற்ற ஆரம்பித்தார்.

போன ஞாயிறு காலை திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டு வாசலில் நின்றேன்.

அன்றைக்குப் பார்த்து அவருக்கு மணிக்கட்டில் வலி. கூடவே தன் தம்பியை அழைத்து வந்தார். என் வீட்டுச் சாவுக்கு அந்தக் குடும்பத்திலிருந்து வந்து, நாள் முழுக்க என் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் இந்தத் தம்பிதான். வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கா? சுத்தலாமா?" என்று என்னைத்தான் கேட்டார்.

யோசிக்க நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது.

"சுத்துங்க தம்பி" என்றேன்.

கணக்கைப் பார்த்துவிட்டேன் ஐயா. என் பக்கம் ஒரு தம்பி, அவர் பக்கம் ஒரு தம்பி. செத்தவருக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாததால் சேர்க்கவில்லை. மற்றபடி பாக்கி ஒன்றும் இல்லை.