மதிலில் இருந்த வரிக்குதிரை

—சேவலை வாங்கிக்கிட்டேன், மகேவுக் கூழையும் குடிச்சு முடிச்சேன். புளிப்பு பதமா இருந்துச்சு. நன்றி வந்து சேர்ந்தாச்சு, செனெசாய் அம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள மலையை விட்டு இறங்குங்க.

—எங்க சேர்ந்துச்சு? குலப்பேர் சொல்லாம குடுத்த நன்றி பாதி வழியிலேயே உக்காந்துக்கும். கேளுங்க, நானும் வந்ததுல இருந்து உங்க குலம் என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க சேவலைப் பத்தியே பேசுறீங்க.

—நல்ல சேவல்.

—அண்ணே.

—கல்லுத் தூக்குறவனுக்குக் குலம் எதுக்கு? லேமெக்குன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பேன். என்னவோ, அது போதாதா?

—லேமெக்குங்கிறது கோயில்ல தண்ணி தெளிச்சு வச்ச பேரு. அதைச் சொல்லி நன்றி சொன்னா பாதிரியாருக்குப் போய்ச் சேரும். அவரா என் பொண்ணைத் தூக்கினாரு?

—யாரா இருந்தாலும் தூக்கியிருப்பாங்க.

—தூக்கலையே. கேளுங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அத்தனை பேரும் மதில் பார்க்க வந்திருந்தாங்க. பாறை இடுக்குல போட்டோ எடுக்கிறேன்னு நெருக்கினதுல என் பொண்ணு செனெசாய் வழுக்கி, மடுவுக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிற அந்தத் தட்டுப் பாறையில போய் விழுந்தா. டீச்சர் தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. கைடு தம்பி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டவர் தேடியிருக்கான். நீங்க மட்டும்தான் வயித்தால படுத்துக் கயித்தை விட்டீங்க. உங்க நெஞ்சுத் தோல் இன்னமும் அந்தப் பாறையில ஒட்டிக்கிட்டிருக்குன்னு ஊரே பேசுது.

—வேற தோல் வந்திருச்சு. பிள்ளை எப்படி இருக்கு?

—கணுக்கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. உங்க கயித்தைத்தான் குடுக்க மாட்டேங்கிறா. தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறா. "நீ போய் ஒழுங்கா நன்றி சொல்லிட்டு வா, அப்புறம் தர்றேன்"னு எனக்கே உத்தரவு.

—வச்சுக்கட்டும். பழைய கயிறுதான்.

—பேச்சை மாத்தாதீங்க. இந்த மலையைக் காக்கிறவரு என் மாமனார். வரிக்குதிரைக் குலத்து ஆளைத் தவிர வேற யாரையும் அவரு இந்த மதில் கல்லைத் தொட விட மாட்டாரு. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்ப நீங்களும் வரிக்குதிரைதானே?

—ஆமா. அதேதான்.

—வரிக்குதிரையா?

—அதான் சொன்னேனே. ஆமா.

—இதைச் சொல்லவா இவ்வளவு இழுத்தீங்க? அப்ப நீங்க எங்க வீட்டு ஆளு. வயசுல மூத்தவரா இருந்தாலும் என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, எனக்குக் கொழுந்தன், செனெசாய்க்குச் சித்தப்பா. சித்தப்பன் பிள்ளையைத் தூக்குறது கடமை. அதுக்கு யாராவது சேவல் குடுப்பாங்களா? இப்படிக் குடுங்க.

—குடுத்ததைத் திருப்பி வாங்குறதா?

—கொழுந்தன்கிட்ட எதை வேணும்னாலும் பிடுங்கலாம். காலைக் கட்டித்தான் வச்சிருக்கேன், விடுங்க.

—சரி, எடுத்துக்கோங்க. சந்தோஷமா எடுத்துட்டுப் போங்க.

—போறேன். மலையை ஒரு தடவை பார்த்துக்கிறேன். கேளுங்க, கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்ததோட சரி. மருமகள்கள் காரணம் இல்லாம ஏறக் கூடாது. ஹராரேயில இருந்து கார்ல வர்றவங்க சீட்டு வாங்கிட்டு ஏறிடுறாங்க. எனக்கு என் பொண்ணு விழுந்து ஒரு காரணம் தேடிக் குடுக்க வேண்டியிருந்தது.

—அந்தக் குகைக்குள்ள குனிஞ்சு பாருங்க. சிவப்பு மையில மான் வரைஞ்சிருக்கு, பின்னாடியே ஆளுங்க ஓடுறாங்க. யார் வரைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு அதைப் பார்க்காமலே அந்தி வெயிலைப் படம் பிடிக்க மேல போயிடுறாங்க.

—அழகாத்தான் இருக்கு. மதிலும் அழகு. வெள்ளைக் கல்லு ஒரு வரிசை, கருங்கல்லு ஒரு வரிசை. சரி, கொழுந்தனாரே, குலப் பெருமையை ஒரு தடவை பாடிக் காட்டுங்க. கேட்டுட்டு இறங்கிடுறேன்.

—இப்பவா?

—எங்க வீட்டுல நாலு வயசுப் பிள்ளை பாடும்.

—அது... வரிக்குதிரையே. இந்த மதிலைக் கட்டினவரே. சுண்ணாம்பு இல்லாம, மண்ணு இல்லாம, கல்லு மேல கல்லு வச்சு, பல நூறு வருஷமா... அதாவது, வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பார்க்கிற...

—கொழுந்தனாரே, இது கைடு தம்பி டூரிஸ்ட்டுக்குச் சொல்றது.

—ஆமா.

—கடைசியில "தயவுசெய்து கல்லின் மேல் ஏறாதீர்கள்"னும் சொல்லுவீங்களா?

—சிரிக்காதீங்க, செனெசாய் அம்மா. என் பொழப்பு இது.

—சிரிக்கலை. சொல்லுங்க.

—நான் வரிக்குதிரை இல்லை. எங்கப்பா மலாவியில இருந்து நடந்தே வந்தவரு, புகையிலைத் தோட்டத்துக்கு. நான் பொறந்ததும் தோட்டத்து லயத்துலதான். தோட்டம் போச்சு, லயமும் போச்சு. "உன் சொந்த ஊர் எது, போ அங்க"ன்னாங்க. எந்த ஊருக்குப் போறது? இங்க மதில் சரி பண்ண ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன். உங்க மாமனாரு என்ன குலம்னு கேட்டாரு. உள்ளதைச் சொன்னா இவரும் போன்னுடுவாருன்னு பயம். அவரு முதுகுக்குப் பின்னாடி இந்த மதில் தெரிஞ்சுது. வெள்ளையும் கறுப்புமா. வரிக்குதிரைன்னு சொல்லிட்டேன்.

—மதிலைப் பார்த்தா சொன்னீங்க?

—வேற எதைப் பார்க்கிறது? பாறையில ஓணான் உக்காந்திருந்தது. அதையா சொல்ல முடியும்?

—அப்புறம் இத்தனை வருஷமா?

—ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதான் ஏறுறேன். ஆனா இந்த மலை எனக்குக் குறை வைக்கலை. பிரிக்கிற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியில எழுத்துப் போடணும், இல்லைன்னா திருப்பி அடுக்க முடியாது. அதுக்காகத்தான் எழுத்துக் கத்துக்கிட்டேன், தலை நரைச்சப்புறம். இப்ப பஸ்ஸுல போர்டு படிக்கிறேன். வெளிய தெரிஞ்சா என்னை இறக்கி விட்டுருவாங்க. அது நியாயம்தான். நீங்க போய்ச் சொல்லணும்னா சொல்லிடுங்க. சேவலை வச்சுக்கோங்க.

—சேவலைப் பிடிங்க முதல்ல. பிடிங்கன்னா. கேளுங்க, என்னை இங்க அனுப்பினதே மாமனாருதான்.

—அவரா? கேட்டுட்டு வரச் சொன்னாரா?

—"போ, குலம் என்னன்னு கேளு. வரிக்குதிரைன்னுதான் சொல்லுவான். அதை வாங்கிக்கிட்டு வந்துறாதே"ன்னாரு.

—அப்ப அவருக்கு...

—நீங்க வந்த அன்னைக்கே தெரியும். வரிக்குதிரை ஆளு மலைக்காரர் முன்னாடி வந்தா குத்த வச்சு உக்காந்து கைதட்டுவான். நீங்க நின்னபடியே தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சீங்களாமே.

—தோட்டத்துப் பழக்கம். முதலாளி எதிர்ல வந்தா அப்படித்தான் நிக்கணும். எங்கப்பாவும் அப்படித்தான் நிப்பாரு.

—மாமனாரு தொப்பி உங்களுக்குத் தெரியும்ல? மந்திரி ஹெலிகாப்டர்ல வந்தப்பக்கூட அது அவரு தலையை விட்டு இறங்கலை. அவரு முன்னாடி இப்படி ஒருத்தன் நின்னதும் ஒரு மாதிரி ஆயிடுச்சாம். "குலம் எதுவா இருந்தா என்ன, வச்ச கல்லு நிக்குதான்னு பார்ப்போம்"னு விட்டுட்டாராம். நின்னுச்சு.

—அப்புறம் ஏன் இப்ப கேட்கச் சொன்னாரு? தெரிஞ்சதைத் தெரிஞ்சபடியே விட்டிருக்கலாமே.

—அதையேதான் நானும் கேட்டேன். "வேலைக்கு அவன் சொன்ன பேரு போதும். நன்றிக்குப் போதாது. வரிக்குதிரைன்னு சொல்லி நன்றி சொன்னா அது சுத்திட்டு நம்ம வீட்டுக்கே வந்துரும். நம்ம பிள்ளைக்கு நாமளே நமக்கு நன்றி சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடும். அவனைப் பெத்தவங்களுக்கு ஒண்ணுமே போகாது"ன்னாரு. இப்ப சொல்லுங்க. உங்கப்பாவை அவங்க ஊர்ல எப்படிக் கூப்பிட்டாங்க?

—ம்வாலே.

—என்ன?

—ம்வாலே. எங்க ஆளுங்க பேரு. எங்கப்பா செத்தப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்பிடலை. என்னவோ, சொல்லிப் பார்த்தா எனக்கே புதுசா இருக்கு.

—சேவலைக் கீழ வச்சுட்டு உக்காருங்க. நான் முட்டி போடணும், நீங்க நின்னா எனக்குக் கழுத்து வலிக்கும். இப்ப கைதட்டுறேன், குறுக்கப் பேசக் கூடாது. நன்றி, ம்வாலே. தூரத்துல இருந்து நடந்து வந்தவங்க பிள்ளையே, நன்றி. பாறையில தோலைக் குடுத்துட்டு என் பிள்ளையை வாங்கினவரே. உங்களைப் பெத்தவங்க எந்த மண்ணுல இருந்தாலும் இது அவங்களுக்குப் போய்ச் சேரட்டும். நன்றி, ம்வாலே.

—போதும். எழுந்திருங்க, தாயி.

—அழுதா மகேவு எல்லாம் கண்ணு வழியா வந்துரும். போய்ச் சேர்ந்துச்சா இப்ப?

—சேர்ந்துருச்சு.

—அப்ப வாங்க, மதில் ஓரமா வந்து கீழ பாருங்க. கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு அத்திமரத்தடியில நிக்கிறாளே, அதுதான் செனெசாய். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நம்ம பக்கம் பார்த்தபடி, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு நிக்கிறது என் மாமனாரு.