வேர்த்த தொட்டியும் வழியாத நீரும்

ஒரு மணி நேரம் உரையாற்றியும் களைக்காத அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வேலை முடிந்த கையோடு, மீன் வாடை மாறாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! எழுந்து போகத் தோதாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் பேச எழுந்தபோதே இந்த மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தேன். விளிம்பு வரை நீல மை கலந்த நீர்; அதில் தலைநீட்டி மிதந்தது ஒரு பனிக்கட்டி. இப்போது கட்டி எங்கே? கரைந்துவிட்டது. தலைவர் உரையின் நீளத்துக்கு மலையே கரைந்திருக்கும்! சிரியுங்கள், அவரே சிரிக்கிறார். டம்ளருக்கு அடியில் இருப்பது என்ன? மீன் கழுவும் பிரிவில் பதினோரு ஆண்டு உழைத்த நம் அக்காவை வேலையிலிருந்து நீக்கிய ஆணை!

என்ன குற்றம் செய்தாராம்? தொட்டியில் பனிக்கட்டி போட்டு விளிம்பு வரை நீர் நிரப்பினாராம். கட்டி கரைந்ததாம், நீர் பொங்கி வழிந்ததாம், தொட்டியை ஒட்டி அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் நனைந்து நாசமாயினவாம். ஆகா, என்ன அறிவு! என்ன ஆராய்ச்சி!

பெட்டிகளை அங்கே அடுக்கச் சொன்னது யார்? இதே மேலாளர். அன்று காலையே அக்கா எச்சரித்தார்.

"சார், தொட்டி வேர்க்கும். பெட்டிய கொஞ்சம் தள்ளி வைங்க."

"தொட்டி வேர்க்குமா? ஏன், அதுக்குக் காய்ச்சலா? நீ மீனக் கழுவு, போதும்."

ஐயா, மிதக்கும் கட்டி தன் எடைக்கு எடை நீரை ஒதுக்கிவிட்டுத்தான் மிதக்கிறது. கரைந்ததும், ஒதுக்கிய அந்த இடத்திலேயே நீராக அடங்கிவிடுகிறது. கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அப்புறம் எப்படி ஐயா வழியும்? உங்கள் ஆணைக்குப் பயந்தா?

என்ன சொல்கிறீர்கள், மேலாளரே? "தாள் ஈரமா இருக்கே" என்கிறீர்களா? வாருங்கள், இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஈரம்தான். நீலம் எங்கே? டம்ளர் வழிந்திருந்தால் நீலமாக அல்லவா வழிந்திருக்கும்? இது காற்றிலிருந்த ஈரம். குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்து இறங்கிய ஈரம். அன்று தொட்டி நீரில் மீன் ரத்தம் இருந்தது, செதில் மிதந்தது. நனைந்த பெட்டிகளில் ஒரு துளி ரத்தம் உண்டா? ஒரே ஒரு செதில் உண்டா? தொட்டியின் வியர்வைக்கு ஒரு தொழிலாளியைத் தண்டித்தீர்களே! ஒரு நாளாவது வேர்க்க உழைத்திருந்தால் அல்லவா உங்களுக்கு வியர்வை தெரியும்?

அக்கா, மேடைக்கு வாருங்கள். டம்ளரை எடுத்துவிட்டு இந்தத் தாளை மேலாளரிடமே கொடுங்கள்.

"பாத்துக்கா, தளும்பிடப் போவுது!" என்று யாரோ பதறுகிறார்கள். பதற வேண்டாம். பதினோரு ஆண்டு நிரம்பிய தொட்டியருகே நின்ற கை அது. பாருங்கள், ஒரு சொட்டும் சிந்தவில்லை!

மேலாளரே, நாளைக் காலை அக்காவின் நீக்கம் பற்றிய விசாரணைக்கு அந்தத் தாளோடு வாருங்கள். அக்கா மறுபடி தொட்டியருகே நிற்கும் வரை எங்களில் ஒருவர் கையும் மீனைத் தொடாது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வழியாமல் நின்று நம் மானம் காத்த இந்த டம்ளருக்கும் நன்றி. வணக்கம்!