கறுப்புக் கோட்டில் பொடுகு

வோபர்னில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் வேலை முடிந்து போகிற இரண்டு பெண்கள். யன்னல் பக்கம் இருந்தவர் சொன்னதைக் கேட்டு, பார்த்துக்கொண்டிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

"என்ர மச்சாளின்ர மகனுக்குப் பேசின கலியாணம் பொடுகால குழம்பிட்டுது."

"பொடுகாலயோ? ஷாம்பு போடுறேல்லையே?"

"டொக்டர் மருந்து ஷாம்பு குடுத்தவர். கிழமைக்கு ரெண்டு தரம் போட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவச் சொன்னவர். எண்ணை வைக்க வேண்டாமெண்டும் சொன்னவர்."

"பிறகென்ன?"

"மச்சாள் விட்டால்தானே. டொக்டருக்கே தலையில மயிரில்லை, அவருக்கு என்ன தெரியுமெண்டு கேக்கிறா. பெடியன் முழுகிப்போட்டு வந்த உடன, பிடிச்சு இருத்தி எண்ணை தேய்க்கிறா."

"பெடியனுக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தாறு. பாங்கில மனேஜர்."

மற்றவர் கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

"பெட்டை பாக்க அஜக்ஸுக்கு நானும் போனனான். பெடியன் கறுப்புக் கோட். கதைச்சுக்கொண்டிருக்கேக்க மச்சாள் எழும்பி அவன்ர தோளைத் தட்டித் துடைச்சா. அவனும் குனிஞ்சு குடுத்தான். உது கனடாத் தண்ணியால வந்தது பிள்ளை, எண்ணை எப்பிடி வைக்கிறதெண்டு உனக்குக் காட்டித்தாறன் எண்டு பெட்டைக்கும் சொன்னா."

"பெட்டை என்ன சொன்னவள்?"

"பொடுகுக்கு மருந்திருக்கு அன்ரி, இதுக்குத்தான் இல்லை எண்டிட்டு எழும்பி உள்ளுக்குப் போயிட்டாள்."

"மச்சாளுக்கு உறைச்சிருக்குமே?"

"எங்கை. திரும்பி வரேக்க காரில, பொடுகுக்கு அது என்ன மருந்தெண்டு என்னைப் பெட்டையின்ர தாயிட்டைக் கேட்டுச் சொல்லட்டாம்."