திரையில் இரண்டு முறை சாகிறவர்

“எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு ரெண்டு தடவ சாவறாரு, வந்து பாருண்ணா.”

தாம்பரத்தில் ஏறிய பெண் ஷேர் ஆட்டோ டிரைவரிடம் இப்படிச் சொன்னதும், தூங்கும் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்த அவள் கணவர் சினிமா சண்டைக்காரராம். கிரிக்கெட் வீரர் ஒருவர் ஹீரோவாக நடித்த புதுப் படத்தில், இரண்டு விக் மாற்றி இரண்டு முறை அடிபட்டுச் சாகிறாராம்.

“அந்தப் படமா? செம மொக்கைன்றாங்களே.”

“மொக்கைதாண்ணா. பத்து பேராவது வரலைன்னா ஷோ கேன்சலாம். நாளைக்குப் படத்தையே தூக்கிடுவாங்க. இவரு மூஞ்சி தெரியற மொத படம். எங்க தெருவுல ஒம்போது பேரு சேத்துட்டேன்.”

“ஹீரோ நெஜமாவே அடிச்சாரா?” என்று டிரைவர் கணவரைக் கேட்டார்.

“அடிச்சாருண்ணா. அடிச்சதும் ஸாரி சொல்லிடுவாரு. அதுக்கே பல ரீடேக்.”

பத்தாவது ஆளாக நான் போகலாமா என்று யோசித்தேன். குழந்தை விழித்து அழுதால்?

அவர்கள் இறங்கவேண்டிய பம்மல் வந்தது. “சரி, வரேன். ஆனா மொக்கை ஜோக்குக்கெல்லாம் என்னைச் சிரிக்கச் சொல்லக் கூடாது” என்றார் டிரைவர்.

“சிரிக்க வேணாம்ணா. இவரு சாவும்போது விசில் மட்டும் அடி.”