மூடும்போது வரும் சத்தம்

மேடையில் வீற்றிருக்கும் நலச்சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் சார் அவர்களே, மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடையை இன்று சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கும் கரீம் பாய் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மரியாதைக்குரிய ராஜகோபாலன் சார் அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்களே, பிடிக்க முடியாமல் போனவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சிட்லபாக்கத்தின் பெருமை, தொலைபேசி நிலையத்தின் ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், வளைந்த மூடி மரப்பெட்டிகளின் பேரரசி, திருமதி கனகவல்லி அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார். பேரரசி என்று நான் சொன்னது காதில் விழுந்திருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பார்? "மைக்கைக் குடுத்தா போதுமே உனக்கு! போ, போய் உப்புத்தாளைத் தேய்!" என்றிருப்பார். மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையையும் அவர் என்னை நம்பி ஒப்படைத்ததில்லை. ஒரே ஒரு முறை மூடி செய்ய விட்டார். வளைந்து வரவேண்டிய மூடி பஸ் ஸ்டாப் கூரை மாதிரி வந்தது. "இதுக்குக் கீழ நின்னா பெருங்களத்தூர் பஸ் வரும் சார்" என்றாள் சுஜி. காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்காவின் கார் ஷெட்டில் இழைப்புளி பிடிக்கிற அதே சுஜிதான். அதோ, இப்போதும் சிரிக்கிறாள்.

கார் ஷெட் என்றேன். அதில் கார் நின்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? அக்காவின் கணவர் ராஜகோபாலன் சாரின் கார் வருஷக்கணக்காகத் தெருவில் வேப்பமரத்தடியில், காக்கைகளின் அன்பில் நிற்கிறது. உள்ளே குடியிருந்தது தேக்கு மரம். நம் பகுதியில் எந்தப் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினாலும் அக்கா அங்கே ஆஜர். வீட்டுக்காரர் வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்பே ஜன்னல் கதவுகளுக்குச் சொல்லி வைத்துவிடுவார். அந்தக் கதவுகளைப் பட்டைப் பட்டையாக அறுத்து, ஓரங்களைச் சாய்வாக இழைத்து, பசை தடவி, வளைவாகச் சேர்த்து, பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி வைப்பார். காய்ந்ததும் அவிழ்த்து இழைத்தால், யானை முதுகு மாதிரி ஒரு மூடி!

"நேரா ஒரு பலகையைப் போட்டா வேலை முடிஞ்சுதுல்ல அக்கா? எதுக்கு இந்த வளைவு?" என்று கரீம் பாய் ஒருநாள் கேட்டார்.

"நேரா போட்டா அது மேல நீங்க டீ கிளாஸ் வெப்பீங்க பாய். அப்புறம் பேப்பர் வெப்பீங்க. அப்புறம் சாவி. கடைசியில பெட்டியைத் திறக்கவே மாட்டீங்க."

பாய் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தார். அதை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர்!

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் மரம் ஊதும். அதனால் தை பிறக்கும் வரை எந்த மூடிக்கும் கீல் மாட்டமாட்டார். ஒவ்வொரு மூடியும் அதனதன் பெட்டிக்கு நேர் மேலே, சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். பெயர் எழுதுவதில்லை, நம்பர் போடுவதில்லை. தை வந்ததும் பெட்டிக்கு உரியவர் நேரில் வந்து, தன் கையாலேயே மூடியை வைத்து மூட வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'டப்' என்றால் கீல். 'டொக்' என்றால் மறுபடி இழைப்பு. பணிக்காலம் முழுக்க ஹெட்போனில் ஊரார் குரலைக் கேட்ட காதல்லவா அது! என் பெட்டி மூன்று தை பார்த்தது.

அப்படிப்பட்ட காதுக்காரருக்கு வாய்த்த கணவர் யார்? மன்னிக்க வேண்டும் ராஜகோபாலன் சார், இது தெருவுக்கே தெரிந்த கதை. காது மெஷின் வாங்கி மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தார். போட்டால் ஏரோப்ளேன் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறதாம்.

"என்னங்க, மெஷினைப் போட்டுக்கக் கூடாதா?"

"எதுக்கு? நீ பேசறதுதான் எனக்கு நல்லாக் கேக்குதே."

"நான் பேசவே இல்லையே. அது டிவி."

இந்தத் தெருவில் அக்காவின் பெட்டி இல்லாத வீடு உண்டா? உண்டு. அக்காவின் வீடு! "அவருக்கும் ஒண்ணு செய்யுங்களேன்" என்றால், "மெஷின் போட்டுக்கிட்டு வந்து மூடட்டும், அன்னிக்குத் தரேன்" என்பார். "பெட்டி குடுக்கட்டும், அப்புறம் போடறேன்" என்பார் இவர். நாடுகளுக்கிடையே பேச்சுவார்த்தை கூட இதைவிடச் சீக்கிரம் முடியும்.

தை பிறக்கச் சில நாள் இருந்தபோது அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அன்று ஐஸ் பெட்டி வைக்க ஷெட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நம் செயலாளர் ஒழுங்கின் மறு உருவம். "எல்லாத்தையும் வகை பிரிச்சு வைங்கப்பா" என்றார். வகை பிரித்தார்கள்! பெட்டிகள் எல்லாம் ஒரு சாக்கில். மூடிகள் எல்லாம் இன்னொரு சாக்கில். எது எதற்கு ஜோடி என்பது சுவரில் இருந்த ஆணிகளுக்கு மட்டுமே தெரியும். அவை இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பொங்கல் முடிந்து நானும் பாயும் சுஜியும் உட்கார்ந்து பொருத்தம் பார்த்தோம். ஜாதகப் பொருத்தம்கூட இத்தனை கறார் இல்லை சார். பார்த்தால் ஒரே அளவு, வைத்தால் ஒட்டாது. "இது சேருதுங்க" என்று பாய் மெதுவாக அமுக்குவார். "அமுக்கக் கூடாது பாய், அக்கா திட்டுவாங்க" என்பாள் சுஜி. ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. உரியவர்கள் வந்து மூடிப் பார்த்து வாங்கிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு பெட்டி, ஒரு மூடி. யாரும் கேட்டு வரவில்லை.

சுஜி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அடியில் சின்னதாய் இரண்டு பள்ளம். ஒன்று வட்டம், பட்டன் பேட்டரி வைக்கிற அளவு. இன்னொன்று வளைந்த குழி, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் அச்சாக உட்கார்கிற மாதிரி. பேச்சுவார்த்தையில் அக்கா எப்போதோ இறங்கி வந்துவிட்டார். நம்மிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிதான் இதோ, மேடையில் இருக்கிறது. கீல் இன்னும் மாட்டவில்லை. மாட்ட எங்களுக்கு உரிமையும் இல்லை. ஷெட் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும். சாவியை ராஜகோபாலன் சார் நேற்றே சுஜியிடம் கொடுத்துவிட்டார். ஜன்னல் கதவுகள் வரும், சைக்கிள் ட்யூப் கட்டப்படும், வளைந்த மூடிகள் வரும். நான் உப்புத்தாள் தேய்ப்பேன். இது அக்காவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இப்போது மௌன அஞ்சலி. செல்போன்களை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மௌனத்தில் ஒரே ஒரு சத்தம் வரும். அது என்ன சத்தம் என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார். 'டொக்' என்று அவர் சொன்னால், வரும் ஞாயிறு முதல் வேலை அதுதான்.

வாங்க சார், பார்த்து ஏறுங்க. காதில் போட்டிருக்கீங்க, எல்லாரும் பார்த்துட்டோம்.

ஆன் பண்ணிட்டீங்களா?

சரி. எல்லோரும் எழுந்து நிற்போம். சார், நீங்க மூடுங்க.